அக்கரையில் ஒரு கோடை அரண்மனை



சித்திரை பிறப்பதற்கு முன்பே வெயில் முந்திக்கொண்டது. வராக நதியில் மணல் தெரிகிறது. பெரியகுளம் சாலையில் பதினோரு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் குறைந்துவிடுகிறது. இந்த நாள்களில் ஜெயமங்கலத்தில் வெயிலுக்கு ஒதுங்க நல்ல இடம் எது என்று பெரியவர்களைக் கேட்டால், யோசிக்காமல் கொடிக்கால் என்பார்கள். அகத்தி நிழல், அதில் ஏறிப் படர்ந்த வெற்றிலை, காலடியில் ஈரம் காயாத வாய்க்கால். வரப்பிலிருந்து உள்ளே இறங்கினால் வேறு ஊருக்கு வந்தது போல இருக்கும். வெயிலை நம்மால் குறைக்க முடியாது, ஆனால் அது நம்மீது விழும் வழியை மாற்ற முடியும் என்று இந்த மண்ணில் எவரோ எப்போதோ கண்டுகொண்டிருக்கிறார்கள்.

போன இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்று ஜெயமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்டிருந்தார். கும்பக்கரை, சுருளி, தேக்கடி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாகிவிட்டது, செலவும் கையைக் கடிக்கக் கூடாது, பார்த்தது மனத்தில் நிற்கவும் வேண்டும் என்று எழுதியிருந்தார். நம் வாசகர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

மதுரைக்குப் போய் வாருங்கள். தமுக்கத்தைப் பாருங்கள்.

தமுக்கம் என்றதும் சித்திரைப் பொருட்காட்சியும் ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான் நினைவுக்கு வரும். புத்தகப் பிரியர்களுக்குப் புத்தகத் திருவிழா நினைவுக்கு வரும். அந்த மைதானத்தை ஒட்டி மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்போம். வரிசையில் நின்று, ஆசிரியர் அதட்ட, படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணியின் முன் வாயடைத்து நின்று, வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு வண்டி ஏறியிருப்போம். உள்ளே வைத்திருப்பதையெல்லாம் பார்த்தோம். வைத்திருக்கும் வீட்டை நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தோம்? அந்த வீடுதான் நாயக்கர் காலத்துக் கோடை அரண்மனை. ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை என்றுதான் மதுரைக்காரர்கள் சொல்வார்கள்.

1670-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது என்பது அருங்காட்சியகம் தரும் காலக் கணக்கு. அப்போது ஆட்சியில் இருந்தவர் சொக்கநாத நாயக்கர், திருமலை நாயக்கரின் பேரன். மங்கம்மாள் அவருடைய மனைவி. சொக்கநாதர் 1682-ல் இறந்தார். மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689-ல் அம்மை கண்டு போனார். அவருடைய மனைவி ஆண் குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுக் கணவனைத் தொடர்ந்தாள். தொட்டில் குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டிவிட்டு, பாட்டி மங்கம்மாள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டை நடத்தினார். கணவர் காலத்தில் எழுந்த மாளிகைக்கு மனைவியின் பெயர் எப்படி ஒட்டியது என்று வரலாற்றுக்காரர்கள் கேட்கலாம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கட்டச் சொன்னவர் பெயரை விட, புழங்கியவர் பெயரையே ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

மங்கம்மாளைப் பற்றி நம் கொடிக்கால்காரர்கள் கேட்க வேண்டிய கதை ஒன்று உண்டு. ஒருநாள் ஏதோ நினைவில் இடது கையால் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டாராம். அது பாவம் என்று பெரியவர்கள் சொல்ல, அதற்குக் கழுவாயாக வழிநெடுகச் சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினாராம். கதை எப்படியோ, சாலையும் சத்திரமும் உண்மை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் இருக்கிறது. தெற்கே போகும் பழைய பாதைகளுக்கு மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. நிழலின் அருமை தெரிந்த அரசி அவர். நடந்து போகிறவனுக்கு வெயிலில் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில், மீனாட்சி திருக்கல்யாணக் காட்சியோடு மங்கம்மாளையும் பேரனையும் ஓவியத்தில் காணலாம். போகிறவர்கள் அண்ணாந்து பாருங்கள்.

இனி மாளிகைக்கு வருவோம்.

அன்றைய மதுரை கோட்டைக்குள் இருந்த ஊர். மாசி வீதிகளும் ஆவணி மூல வீதிகளும் கோயிலைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க, வெளியே மதில், மதிலுக்கு வெளியே அகழி. வைகை அதற்கும் வடக்கே. கோடையில் அந்தக் கோட்டைக்குள் காற்று எப்படி நுழைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திருமலை நாயக்கர் கட்டிய மகால் 1636-ல் எழுந்தது. அதன் தூண்களின் பருமனையும் கூரையின் உயரத்தையும் பார்த்தவர்களுக்கு அங்கே வெயில் எவ்வளவு தூரம் ஒதுங்கியே நிற்கிறது என்பது தெரியும். அப்படிப்பட்ட வீட்டை வைத்துக்கொண்டும் நாயக்கர்கள் கோடைக்கு ஆற்றைக் கடந்து வந்தார்கள். தோப்பும் திறந்த வெளியும் ஆற்றுக் காற்றும் அக்கரையில்தான் இருந்தன.

இங்கேதான் எனக்குத் தமுக்கம் மற்ற கோடை மாளிகைகளிலிருந்து வேறாகத் தெரிகிறது. கோடை அரண்மனை என்றால் ஊரை விட்டு வெகுதூரம், மலைமேல், கூட்டம் எட்டாத இடத்தில் என்றுதான் நமக்குப் பழக்கம். தமுக்கம் இருப்பது நகரத்துக்கு எதிர்க்கரையில். அதுவும் எந்த இடத்தில்? தல்லாகுளத்தில். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி மூன்றுமாவடி, புதூர் வழியாக ஆற்றுக்கு வரும் பாதை அது. எதிர்சேவை நடக்கும் இடம் அது. சித்திரையில் தென்னாட்டுச் சனம் எல்லாம் எங்கே கூடுமோ, அந்த வாசலில் அரச குடும்பம் கோடைக்கு வந்து தங்கியிருக்கிறது. மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒரே திருவிழாவாக இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரை வழக்கு. அவர் வீட்டு மருமகளுக்கு அந்தக் கூட்டம் தொல்லையாகத் தோன்றியிருக்காது என்றே நம்புகிறேன்.

அழகர் வரும் நாளில் தோல் பையில் தண்ணீர் நிரப்பி, துருத்தியால் பீய்ச்சிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். தலையில் உருமால், நெற்றியில் நாமம், கையில் துருத்தி. பீய்ச்சுகிற நீர் அழகருக்குத்தான், ஆனால் கூட்டத்தில் நெருக்குண்டு நிற்கிற குழந்தைகளின் முகத்திலும் அது விழும். நம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவிலும் இதே சித்திரையில் சனம் முல்லையாற்றில் முங்கி எழுந்து அக்கினிச் சட்டி எடுக்கிறது. கொதிக்கிற மாதத்தில் சனம் தண்ணீரைத் தேடிக் கூடுவதையே திருவிழாவாக்கி வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

மாளிகைக்கு முன்னிருந்த மைதானத்தில் யானைச் சண்டையும் மற்போரும் நடக்கும். அரச குடும்பத்தார் மாளிகையிலிருந்தபடி பார்ப்பார்கள். அதனால் கட்டடம் தரையோடு தரையாக இல்லாமல் தூக்கிக் கட்டப்பட்டது. கோடைக்கும் அது தோதானது. தரை வெக்கை மேலே ஏறாது, மழைக்காலத்து ஈரமும் சுவரில் ஏறாது. கட்டடத்தின் முகத்தில் வளைவு வளைவாகத் தாழ்வாரம். அந்த வளைவுகளை அழகுக்கு மட்டும் வைத்ததாக நினைத்துவிடக் கூடாது. சூரியன் நேராக உள்சுவரைத் தொடாமல் தாழ்வாரம் வாங்கிக்கொள்கிறது. காற்று நிழலைத் தாண்டி வருவதால் சூடு தணிந்து வருகிறது. நம் ஊர் வீட்டுத் திண்ணையும் சார்ப்பும் செய்த வேலைதான், இங்கே செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் அரச அளவில் செய்திருக்கிறார்கள்.

சுவரின் கனத்தைச் சன்னல் ஓரத்தில் நின்றால் கண்ணாலேயே அளக்கலாம். பிள்ளைகளை அங்கே நிறுத்திக் கைகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த பருமனான சுவர், பகல் வெயிலை மெள்ள மெள்ளத்தான் உள்ளே விடும். சூடு வெளிப்புறத்திலிருந்து உள்புறம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் கதவு சன்னலைத் திறந்துவிட்டால் இரவுக் காற்று வந்து சுவரைக் குளிர வைத்துவிடும். மறுநாள் காலையில் சுவர் மறுபடி வெயிலுக்குத் தயாராக நிற்கும். உயரத்தில் கூரை இருப்பதால் சூடான காற்று தலைக்கு மேலே ஏறிக்கொள்ளும். மாளிகையின் குவிந்த கூரைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. தட்டையான கூரை உச்சி வெயிலை முழுவதுமாக ஒரே நேரத்தில் வாங்கும். குவிந்த கூரையில் எப்போதும் ஒரு பக்கம் வெயில் சாய்வாகவே விழும். மேலே அடித்த வெள்ளை பாதி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதையெல்லாம் செய்து வைத்த கொத்தனார்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் கைவேலை மட்டும் முந்நூற்றைம்பது ஆண்டாக நிற்கிறது.

சுண்ணாம்பு என்றால் வெறும் பூச்சு என்று நினைக்கிற தலைமுறை வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, நாள் கணக்கில் புளிக்க விட்டு, மணலோடு சேர்த்து மாடு பூட்டிய கல் சக்கரத்தில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேரும். ஈரம் படுகிற இடமென்றால் செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சேர்ப்பார்கள். சுர்க்கி என்பது அதுதான். மொட்டைமாடி போடுவதென்றால் மரச் சட்டங்களின்மேல் செங்கல்லை நிறுத்தி வைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்பார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பார்கள். கட்டை துள்ளித் திரும்புகிற அளவுக்குக் காரை இறுகும்வரை அடி நிற்காது. அதற்கும் மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். பெரியகுளத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் இப்படிப் போட்ட மாடிகள் இன்னும் சில உண்டு.

நம் பள்ளத்தாக்குக்குச் சோறு போடும் அணையும் இந்தச் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்து எழுந்ததுதான். பென்னிகுவிக் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைக்கு, சிமெண்டு இல்லாமல், சுண்ணாம்பையும் சுர்க்கியையும் குழைத்துத்தான் கல் அடுக்கினார்கள். ராணியின் மாளிகைக்கும் நம் கழனிக்கு வரும் தண்ணீருக்கும் ஒரே கைத்தொழில் முட்டுக் கொடுத்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு அந்தப் பெயர் தெரியாத கொத்தனார்கள் மேல் தனி மரியாதை வருகிறது.

நாயக்கர் ஆட்சி 1736-ல் முடிந்தது. மங்கம்மாளின் முடிவையும் மதுரையில் துயரத்தோடுதான் சொல்வார்கள். பேரனைச் சுற்றி இருந்தவர்கள் அவரை அரண்மனையிலேயே அடைத்து, கண்ணுக்குத் தெரியும்படி சோற்றை வைத்து, கைக்கு எட்டாமல் வைத்துப் பட்டினி போட்டார்கள் என்பது அந்தக் கதை. அவருடைய அந்த அரண்மனை இருந்த இடத்தில்தான் பிற்காலத்தில் சென்ட்ரல் மார்க்கெட் வந்து, காய்கறி மூட்டைகள் இறங்கின. அக்கரைக் கோடை மாளிகை மட்டும் கை மாறி மாறிப் பிழைத்துக் கிடந்தது. ஆற்காட்டு நவாபு, பிறகு கும்பினி, பிறகு வெள்ளை அதிகாரிகளின் குடியிருப்பு. கலெக்டர் பங்களாவாகவும் இருந்திருக்கிறது.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த அக்கரைக் காற்று போதவில்லை. இங்கேதான் கதை நம் ஊர்ப் பக்கம் வருகிறது.

1845-ல் அமெரிக்கன் மதுரை மிஷன் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் அங்கே ஏரியை உண்டாக்கினார். 1875-ல் ரயில் வந்த பிறகு, கோடைக்கு மலையேறுகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் தங்கி, அங்கிருந்து மேலே போவார்கள். குதிரை இருந்தவர்கள் குதிரையில் போனார்கள். மற்றவர்கள் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து போனார்கள், துரைசானிகளும் குழந்தைகளும் உட்பட. அவர்களின் பெட்டி படுக்கைகளும் கூடவே போயின. அத்தனையையும் தோளில் தூக்கிச் செங்குத்தான பாதையில் ஏறியவர்கள் நம் பக்கத்து ஆள்கள். வத்தலக்குண்டு வழியாக மோட்டார் போகும் லாஸ் காட் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில் வரும்வரை இதுதான் நடந்தது. கும்பக்கரைக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு அந்தப் பழைய பாதையைச் சுட்டிக் காட்டுங்கள். கொடைக்கானலின் ஒவ்வொரு பழைய பங்களாவிலும் பெரியகுளத்துக்காரர்களின் தோள்வலி இருக்கிறது.

நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு கோடை மாளிகை உண்டு. தேக்கடி ஏரியில் படகில் போகிறவர்கள், இடப்பாளையத்தில் கரைமேட்டில் ஓட்டுக் கூரையோடு இருக்கும் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். திருவிதாங்கூர் அரசர்கள் வந்து தங்கிய மாளிகை அது. இன்று கேரள அரசின் சுற்றுலா விடுதி. பெரியாறு அணை கட்டியதால் தேங்கிய நீர்தான் அந்த ஏரி. அந்த நீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி, லோயர் கேம்ப் தாண்டி, கூடலூர், கம்பம் வயல்களுக்கு வருகிறது. திருவிதாங்கூரின் கடைசி அரசர் சித்திரைத் திருநாள் 1934-ல் அந்தக் காட்டை வனவிலங்குகளுக்கு ஒதுக்கினார். அரசர்கள் வேட்டைக்கும் ஓய்வுக்கும் போன காடு இன்று புலிகள் காப்பகம். அழகான இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மாளிகைக்குள் நுழைய விடுதி வாடகை கொடுத்தாக வேண்டும். தமுக்கத்துக்குள் ஜெயமங்கலத்துப் பள்ளிப் பிள்ளை நிமிர்ந்த நடையோடு போய் வரலாம். ஆசிரியைக்கு நான் தமுக்கத்தைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் பாக் மாளிகையையும் பார்த்திருப்பார்கள். 1784-ல் காவிரிக்கரைத் தோட்டத்துக்கு நடுவே மரத்தால் கட்டிய கோடை மாளிகை. பெங்களூரில் 1791-ல் முடிந்த அவருடைய மற்றொரு கோடை மாளிகையும் தேக்குத் தூண்களின்மேல் நிற்கிறது. மதுரையில் செங்கல்லும் சுண்ணாம்பும், மைசூர்ச் சீமையில் தேக்கு. மண் எதைக் கொடுத்ததோ அதைக் கொண்டு கட்டினார்கள். ஆனால் ஆற்றோரம், தோப்பு, சுற்றிலும் தாழ்வாரம் என்ற மூன்றையும் மதுரைக்காரர்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர்களும் விடவில்லை.

1955-ல் அரசு தமுக்கம் மாளிகையையும் அதைச் சுற்றி 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். அதே 1959 ஜனவரியில்தான் நம் வைகை அணையைக் காமராசர் திறந்து வைத்தார். ஜெயமங்கலத்துக்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அணையும், கீழே அதே ஆற்றின் கரையிலுள்ள அரண்மனையும் மூன்று மாத இடைவெளியில் மக்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த ஆண்டுகளில் இந்த நாட்டுக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்று எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது.

காந்தி நினைவகத்துக்கு மதுரையைத் தேர்ந்ததிலும் பொருள் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டு மாடியில்தான் அவர் மேல்சட்டையைக் களைந்து நான்கு முழ வேட்டிக்கு மாறினார். உடுத்த இரண்டாவது துணி இல்லாத நம் உழவர்களைப் பார்த்தபின் எடுத்த முடிவு அது. அப்படிப்பட்டவருக்கு அரண்மனையில் நினைவிடமா என்று சிலர் கேட்பதுண்டு. வளாகத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. சேவாகிராமத்தில் அவர் இருந்த குடிசையைப் போலவே ஒன்றை அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். மண் சுவர், தாழ்ந்த ஓட்டுக் கூரை, சுற்றிலும் தாழ்வாரம். முதலில் அரண்மனைக்குள் நின்றுவிட்டுப் பிறகு அந்தக் குடிலுக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள், வெயில் உச்சியில் இருக்கும் நேரமாகப் பார்த்து. கட்டிய செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெயிலைத் தடுக்கும் முறையில் இரண்டும் உடன்பிறப்புகள். தடித்த சுவர், நிழல் தரும் இறவாரம், காற்றுக்கு வழி. சேவாகிராமம் இருக்கும் வார்தாவின் வெயில் மதுரை வெயிலுக்கு இளைத்ததில்லை.

உள்ளே விடுதலைப் போராட்ட வரலாற்றை 265 படங்களில் விளக்கியிருக்கிறார்கள். அவசரப்படாமல் பாருங்கள். காந்தியடிகளின் அஸ்தி வைத்திருக்கும் அமைதிப் பூங்காவும் வளாகத்தில் உண்டு. வெளியே வந்தால் மைதானத்தின் முனையில், 1981-ல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவிய தமிழ் அன்னை சிலை. மைதானத்தில் இப்போது பெரிய மாநாட்டு அரங்கம் எழுந்திருக்கிறது. யானைகள் மோதிய இடத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது என்பது, என்னைக் கேட்டால், அந்த மண்ணுக்குக் கிடைத்த நல்ல பேறு.

போகும் வழி சுலபம். தேனிப் பக்கத்துப் பேருந்துகள் ஆரப்பாளையத்தில் விடும். அங்கிருந்து கோரிப்பாளையம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெரியாஸ்பத்திரிக்கு உறவினரைப் பார்க்க வருகிறவர்கள், கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்கள் எல்லோருமே அந்தப் பக்கம் வந்துதான் போகிறார்கள். கட்டடத்தை நிமிர்ந்து பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கினாலே போதும்.

இவ்வளவு நீட்டி எழுதியதற்கு மனத்தில் இன்னொரு கவலையும் உண்டு. பெரியகுளம் வட்டாரத்தில் காரை வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. பாகப்பிரிவினை, பராமரிப்புச் செலவு, ஒழுகும் மாடி, வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காமை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இடிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, குடியிருக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஆனால் அதே இடத்தில் எழும் புது வீட்டில் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் சூட்டைக் கொட்டுகிறது. படுக்க முடியாமல் மொட்டை மாடிக்குப் போகிறோம், அங்கேயும் தரை சுடுகிறது. ஏசி வாங்குகிறோம், மின்கட்டணம் கட்டுகிறோம். முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன் மதுரைக் கொத்தனாருக்குத் தெரிந்ததும், நம் தாத்தா வீட்டைக் கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்ததும், நம் கண்முன்னாலேயே கைவிட்டுப் போகிறது.

சின்னச் சின்ன வழிகள் இன்னும் நம் கையில் இருக்கின்றன. இடிக்காமல் விட முடிந்த வீட்டில் சிமெண்டுப் பூச்சை ஏற்றாமல் சுண்ணாம்பாலேயே பழுது பார்க்கலாம். சுண்ணாம்புச் சுவர் உள்ளே இழுத்த ஈரத்தை வெளியே விடும், மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் அடைபட்டுச் சுவரே உதிரும். புது வீடு கட்டுகிறவர்கள் மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு தாழ்வாரமாவது இழுக்கலாம். மாடிக்கு வெள்ளை அடிக்கலாம். இடம் இருந்தால் ஒரு வேம்பு.

அடுத்து வரும் இதழ்களில் நம் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கப் போகிறோம். ஜெயமங்கலம், மேல்மங்கலம், வடுகபட்டி, குள்ளப்புரம், சின்னமனூர், கம்பம் என்று எந்த ஊராக இருந்தாலும், உங்கள் வீடோ பக்கத்து வீடோ, திண்ணையும் முற்றமும் காரைச் சுவரும் இன்னும் நிற்கிறதென்றால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். யார் காலத்தில் கட்டியது, சுண்ணாம்பு எந்தக் காளவாயிலிருந்து வந்தது, மரம் எந்த மலையிலிருந்து வந்தது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். காரை அடித்த பாட்டு யாருக்காவது நினைவிருந்தால் அதையும் பதிவு செய்து அனுப்புங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எவரேனும் உங்கள் ஊரில் இன்னும் கரண்டி பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் முதலில் அவரைப் பற்றி எழுதுங்கள், நாங்களே நேரில் வருகிறோம்.

ஜெயமங்கலத்து ஆசிரியைக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தமுக்கம் போய் வந்ததும், அங்கே எந்த இடத்தில் குளிர்ச்சியாக இருந்தது, ஏன் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லி அனுப்பி வையுங்கள். ஆடி இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்